மனச்சோர்வுக்குக் கைமருந்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சோர்வைக் கடந்தவர்களும் கடந்துகொண்டிருப்பவர்களும் சனிக்கிழமை மாலைகளில் கூடிப் பேசும் சிறு குழு ஒன்றைத் திருவரங்கத்தில் ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். தந்தையை இழந்த பிறகு ஏறக்குறைய 14 மாதங்கள் கட்டிலுக்கும் கூடத்துக்கும் இடையிலேயே வாழ்ந்து, மெல்ல எழுந்து வந்தவன், அவ்வளவே. சென்ற மாதம் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் தடித்த நோட்டு ஒன்றைச் சற்றுப் பெருமையோடு எடுத்துக் காட்டினார். இரண்டு மாதங்களாக ஓரிரவுகூடத் தவறாமல் எழுதி வருவதாகவும், எழுதி முடித்ததும் ஏனோ தூக்கம் வருவதில்லை என்றும் சொன்னார். நான் அதை வாங்கிப் புரட்டவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதே போன்ற ஐந்து நோட்டுகள் என் வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

நேரத்தோடு உறங்க வேண்டும், இரவில் கைப்பேசியைத் தள்ளி வைக்க வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டே நாம் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நாட்குறிப்பில் தன்னையே விசாரணை செய்வது

“மனத்தில் உள்ளதையெல்லாம் எழுதிவிடு, பாரம் குறையும்” என்று எனக்கும் ஒரு நண்பர் சொன்னார். எப்படி எழுத வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஒவ்வோர் இரவும் 11 மணிக்கு மேல் உட்கார்ந்து, எனக்கு ஏன் இப்படி ஆனது, அப்பாவை ஏன் ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவில்லை, எல்லாரும் தாங்கிக்கொள்வதை என்னால் மட்டும் ஏன் தாங்க முடியவில்லை என்று எழுதிக்கொண்டே போனேன். பக்கங்கள் நிறைய நிறைய, ஏதோ ஆழமான உண்மையை நெருங்கிவிட்டதாக ஒரு மயக்கமும் சேர்ந்தது. அந்த ஆண்டு தீபாவளிக்கு வந்திருந்த அக்காவும் அவள் மகளும் கூடத்தில் காத்திருக்க, நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தனிமை என்னை ஏன் வாட்டுகிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெகு நாள் கழித்து மூன்றாவது நோட்டை எடுத்துப் படித்தபோது, ஒரே வாக்கியம் சொற்கள் மட்டும் மாறி நாற்பது பக்கங்களுக்கு ஓடியிருப்பதைக் கண்டேன். எட்டு மாதங்கள் அதில் போயின. இன்றைக்கும் யாராவது பொத்தாம்பொதுவாக “எழுதுங்கள், சரியாகிவிடும்” என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இதை உளவியலார் அசைபோடுதல் என்கிறார்கள். இதற்கான ஆங்கிலச் சொல்லும் மாடு அசைபோடுவதிலிருந்து பிறந்ததே. பழைய நினைவுகளை அசைபோடுவதை நாம் இனிமையான செயலாகவே பேசி வந்திருக்கிறோம். மாடு அசைபோட்டதை விழுங்கிச் செரித்துவிடுகிறது. சோர்ந்த மனமோ விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், தற்செயலாக, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர்களது மனநிலையைப் பற்றியும், சோர்வு வரும்போது என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றியும் அவர் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். ஏழு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, சோர்வையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் முன்பே உடையவர்களிடம், அவர்களது பழைய மனநிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், மனச்சோர்வு கூடுதலாகவே இருந்தது.

அதற்காக எழுதுவதையே விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. எழுத்தின் பயனைப் பற்றிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்டது. அதில் பங்கேற்ற மாணவர்கள் எழுதியது நாளொன்றுக்கு 15 நிமிடங்கள், அதுவும் நான்கே நாட்கள். எழுதி முடித்த உடனே அவர்களது மனநிலை சற்றுத் தாழ்ந்திருந்தது. பயன் பின்வந்த மாதங்களில்தான் தெரிந்தது. ஆகவே, மனத்தை வாட்டுவதைப் பற்றி எழுதப் படுக்கப் போகுமுன் உள்ள வேளை நல்ல நேரமன்று. பகல் வெளிச்சத்தில், கடிகாரத்தைப் பார்த்து, 15 நிமிடங்களுக்கு மேல் போகாமல் எழுதுங்கள். “ஏன்” என்று தொடங்கும் வாக்கியம் மூன்றாவது முறை வந்தால், அதை அடித்துவிட்டு “என்ன நடந்தது, எங்கே, யார் இருந்தார்கள், அடுத்து என்ன செய்யலாம்” என்று மாற்றுங்கள். கடைசி வரியில் நேரமும் இடமும் குறித்த ஒரு சிறு செயல் இருக்கட்டும். நான் இப்படி எழுதிய முதல் வரி, “நாளை காலை 6 மணிக்கு அம்மா மண்டபப் படித்துறை வரை நடந்து, திரும்பும்போது பால் வாங்கி வருவேன்” என்பது. ஐந்து நோட்டுகளில் எனக்கு உதவிய வரி அது ஒன்றுதான்.

மனம் வரட்டும் என்று காத்திருப்பது

“மனம் சரியாகட்டும், பிறகு வெளியே வருகிறேன்” என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் சோர்ந்தவர் செயல்களைக் குறைக்கிறார். செயல் குறைவதால் அவருக்குக் கிடைக்கும் சிறு மகிழ்ச்சிகளும் பாராட்டுகளும் குறைகின்றன. அதனால் மனம் மேலும் தாழ்கிறது. பீட்டர் லூவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இந்தச் சுழலை விளக்கியிருக்கிறார். 1996இல் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களைத் திருத்தும் பயிற்சிகள் எதுவுமின்றி, நோயாளிகளைப் படிப்படியாகச் செயலில் ஈடுபடுத்துவது மட்டுமே, அப்பயிற்சிகளும் சேர்ந்த முழுச் சிகிச்சைக்கு இணையான பலனைத் தந்தது. மனம் முன்னே போக வேண்டியதில்லை. கைகால்கள் போனால் அது பின்னால் வந்து சேரும்.

எங்கள் குழுவில் தையல் தொழில் செய்யும் அம்மா ஒருவர் மூன்று மாதங்களாகத் தையல் இயந்திரத்தைத் தொடாமல் இருந்தார். தைக்க வேண்டாம், எண்ணெய் மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள் என்றோம். முதல் வாரம் அவ்வளவுதான் செய்தார். இரண்டாவது வாரம், எண்ணெய் போட்ட இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்கத் துணி வேண்டுமே என்று ஒரு தலையணை உறையைத் தைத்துவிட்டதாக, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல், சொன்னார்.

முதல் நாளே பெரிய பட்டியல் போடுவது

அதிகாலை எழுதல், யோகா, தியானம், நடை என்று பத்து அம்சத் திட்டம் மூன்றாம் நாள் சரிந்து, தன்னைத் திட்டிக்கொள்ள இன்னொரு காரணமாக மாறும். ஒன்று போதும்.

மகிழ்ச்சி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது

வேகும் சோற்றை நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்காதீர்கள்.

உடம்பை மறந்துவிடுவது

தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு ஆகியவை மனச்சோர்வைப் போலவே களைப்பையும் ஆர்வமின்மையையும் உண்டாக்கக்கூடியவை. எங்கள் குழுவுக்கு வந்த ஒருவர் ஓராண்டு முழுவதும் தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளைக் கேட்டுவிட்டு, பிறகு எடுத்த சாதாரண இரத்தப் பரிசோதனையில்தான் தைராய்டுக் குறைவை அறிந்தார். சொற்பொழிவுக்கு முன் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

சற்றுத் தேறியதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது

செய்யாதீர்கள். குறைப்பதென்றாலும் மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான்.

கைமருந்துக்கு எல்லை இருப்பதை ஏற்க மறுப்பது

நான் இதுவரை சொன்னவை லேசான சோர்வுக்குப் போதுமானவையாக இருக்கலாம். நாளின் பெரும்பகுதி சோர்வோ எதிலும் ஈடுபாடின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் வேலையும் கெடத் தொடங்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தோன்றினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றே, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது தூக்கம், பசி, வேலை ஆகிய மூன்றும் எந்தத் தேதியிலிருந்து எப்படி மாறின என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். அந்த இளைஞரும் நானும் சென்ற சனிக்கிழமை அவரது நோட்டைத் திறந்தது இதற்காகத்தான். நூற்றுச் சொச்சம் பக்கங்களில் எங்களுக்குத் தேவைப்பட்டவை ஒன்பது தேதிகள்.