கல்லூரிக் கூடைப்பந்து வீரரை என்பிஏ டிராஃப்ட்டுக்கு முன் எடைபோடுவது எப்படி?

2011 ஜனவரி 26 அன்று பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃப்ரெடெட் ஒரே ஆட்டத்தில் 43 புள்ளி அடித்தார். அதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் வந்த சான் டியேகோ ஸ்டேட் அன்று 71-58 என்று தோற்றது. தோற்ற அணியில் கவாய் லெனர்ட் ஆடினார். அந்த ஜூனில் நடந்த டிராஃப்ட்டில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஜிம்மர் 10-வது, கவாய் 15-வது. பிறகு நடந்தது தெரிந்ததுதான்: 2014-லிலும் 2019-லிலும் என்பிஏ இறுதித் தொடரின் சிறந்த வீரர் கவாய். ஜிம்மர் அணி அணியாக மாறி, கடைசியில் ஷாங்காய்க்குப் போய் அங்கே கொடிகட்டிப் பறந்தார்.

முடிவு தெரிந்த பிறகு பேசுவது யாருக்கும் சுலபம். அன்றைக்கே எல்லோர் கையிலும் இருந்த விவரங்களில் எதை முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதல் வேலையாக, உங்கள் தாளில் சராசரிப் புள்ளி இருக்கும் கட்டத்தை மறைத்துவிடுங்கள்.

தேவையானவை: ஒரு எக்செல் தாள், ஸ்போர்ட்ஸ் ரெஃபரன்ஸ் தளத்தின் கல்லூரிப் பக்கம், ஒரு வீரருக்கு ஐந்து முழு ஆட்டங்களின் வீடியோ. ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் யாருமே ஷாட்டைத் தவறவிடுவதில்லை.

படி 1: வயது

எத்தனையாவது ஆண்டு மாணவர் என்று பார்க்காதீர்கள். டிராஃப்ட் நாளன்று எத்தனை வயது, எத்தனை மாதம் என்று எழுதுங்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்குள் ஒன்றரை வயது வித்தியாசம் இருக்கலாம். 2011 டிராஃப்ட் அன்று ஜிம்மருக்கு ஏறக்குறைய 22 வயது 4 மாதம். கவாய்க்கு 20 நிறைய இன்னும் ஆறு நாள் இருந்தது. 22 வயதுக்காரர் 18 வயதுப் பையன்களைத் தள்ளிவிட்டு எடுக்கும் ரீபவுண்டும் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அந்தப் பையனே எடுக்கும் ரீபவுண்டும் ஒன்றல்ல.

அதற்காக மூத்தவரை ஒதுக்கிவிடவும் கூடாது. மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு ஆண்டு ஆடிய டிரேமண்ட் கிரீன் 2012-ல் 35-வதாகத்தான் போனார். மூத்தவரிடம் இன்று என்ன இருக்கிறது என்று பாருங்கள், இளையவரிடம் ஒவ்வோர் ஆண்டும் என்ன கூடியது என்று பாருங்கள்.

படி 2: உடல் அளவு

கல்லூரிகள் வெளியிடும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஓரிரு அங்குலம் சேர்த்துச் சொல்வது அங்கே வழக்கம். மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைனில் (டிராஃப்ட்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்கும் முகாம்) ஷூ இல்லாமல் அளப்பார்கள். அந்தக் கணக்கை எடுங்கள்.

உயரத்தைவிட முக்கியம், இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி எவ்வளவு என்பது. உயரத்தைவிட 4 அங்குலம் கூட இருந்தால் நல்லது. கவாயின் உயரம் 6 அடி 6 அங்குலம், விரித்த கை 7 அடி 3 அங்குலம். ஒன்பது அங்குலம் கூடுதல்! உள்ளங்கையோ விரித்தால் 11¼ அங்குலம். உயரமான சென்டர் வீரர்களுக்கு இதோடு, நின்றபடி கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். குதிக்காமலே வளையத்துக்கு எவ்வளவு அருகில் போகிறார் என்பது அதில்தான் தெரியும்.

படி 3: எண்கள்

முதலில் ட்ரூ ஷூட்டிங், அதாவது எடுத்த முயற்சிக்கு எவ்வளவு புள்ளி கிடைத்தது என்ற கணக்கு. எடுத்த புள்ளியை, 2 × (ஷாட் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி) என்பதால் வகுக்க வேண்டும். எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றிக் கிடைக்கும் எறிதல்தான் ஃப்ரீ த்ரோ. ஒரு கற்பனைக் கணக்கு: ‘அ’ 15 ஷாட், 4 ஃப்ரீ த்ரோ முயன்று 18 புள்ளி எடுக்கிறார். 15 + 1.76 = 16.76, இரண்டால் பெருக்கினால் 33.52, விடை 0.537. ‘ஆ’ 9 ஷாட், 5 ஃப்ரீ த்ரோவில் 14 புள்ளி. 9 + 2.2 = 11.2, இருமடங்கு 22.4, விடை 0.625. தலைப்புச் செய்தியில் வருவது ‘அ’. பந்தை வீணாக்காதவர் ‘ஆ’. ஆனால் எதிரணியின் சிறந்த தடுப்பாளர் யாரைக் காவல் காத்தார் என்று வீடியோவில் பார்க்கும்வரை ‘ஆ’வுக்கு மாலை போடாதீர்கள்.

அடுத்தது மூன்று புள்ளி ஷாட். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரு கல்லூரி சீசனில் ஏறக்குறைய 30-35 ஆட்டம். 100 முயற்சியில் 35-க்கும் 40-க்கும் வித்தியாசம் ஐந்தே ஐந்து ஷாட். வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற அதிர்ஷ்டமே அந்த ஐந்தைத் தந்துவிடும். தூரமும் வேறு. கல்லூரிக் கோடு 22 அடி 1¾ அங்குலம், என்பிஏ கோடு நடுவில் 23 அடி 9 அங்குலம்.

ஆகவே ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். தூரம் மாறாது, தடுக்க ஆள் கிடையாது, கையின் பதம் அப்படியே தெரியும். 80 சதவீதத்துக்கு மேல் என்றால் நம்பலாம். 65-க்குக் கீழே என்றால் மூன்று புள்ளி சதவீதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கவாய் கல்லூரியில் மூன்று புள்ளி ஷாட்டில் 25 சதவீதம்தான். ஆனால் இரண்டாம் ஆண்டில் ஃப்ரீ த்ரோ 76. கை கெட்டுப்போனதில்லை, ஷாட் விடும் முறைதான் சரியில்லை என்று அதற்கு அர்த்தம். கவாய் சேர்ந்த சான் அன்டோனியோ அணியின் அப்போதைய ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அந்த முறையைத்தான் சரிசெய்தார்.

ஸ்டீலும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (அவர் ஷாட்டைத் தட்டிவிடுவது) சின்ன எண்கள், ஆனால் பெரிய தகவல். எதிராளி என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே படிக்கும் மூளையும், உடனே அசையும் காலும் இருந்தால்தான் அவை வரும். டேவிட்சன் கல்லூரியின் ஸ்டெஃபன் கரியும் ஜிம்மரைப் போல நாட்டிலேயே அதிகச் சராசரிப் புள்ளி எடுத்தவர்தான், அவரும் உயரத்தில் சிறியவர்தான். ஆனால் அப்படிப் புள்ளி குவித்த 2008-09 சீசனிலேயே ஆட்டத்துக்கு 2.5 ஸ்டீலும் எடுத்தார்.

மாற்று வீரராக இறங்குபவரை ஒப்பிட, எண்களை 40 நிமிடத்துக்கு மாற்றுங்கள். கல்லூரி ஆட்டமே 40 நிமிடம்தான். 24 நிமிடத்தில் 12 புள்ளி என்றால் 40-க்கு 20. பத்து நிமிடத்துக்கும் குறைவாக ஆடுபவருக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அபத்தமான விடை வரும்.

படி 4: வீடியோ

ஐந்து ஆட்டத்தில் இரண்டு வலுவான அணிக்கு எதிராக, ஒன்று அவர் மோசமாக ஆடியது, ஒன்று சீசன் தொடக்கம், ஒன்று கடைசி. முதல் முறை பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், அவரை மட்டும் பாருங்கள்.

பிக் அண்ட் ரோல் (பந்து வைத்திருப்பவருக்கு உதவ, தோழர் ஒருவர் தடுப்பவரை மறித்து நின்று பிறகு கூடையை நோக்கி ஓடும் ஆட்டம்) வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எதிரணி உயர வீரர் பக்கவாட்டில் வந்து சுவர்போல நிற்கிறார். நம்மவர் இடுப்பைத் திருப்பி, தோளை ஒடுக்கி, சுவருக்கு முன்புறமாக, அதாவது கூடைக்கு எதிர்ப்பக்கமாக, நழுவிப் பந்துக்காரரைத் தொடர்கிறாரா? மோதி நின்று கையைத் தூக்கிப் பார்க்கிறாரா? மோதினாலும் அடுத்த ஒரு விநாடிக்குள் மீண்டும் ஓடுகிறாரா? ஐந்து ஆட்டத்தில் இப்படி இருபது முப்பது தருணம் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று குறியுங்கள். என்பிஏவில் ஒவ்வோர் இரவும் இந்தச் சுவரில் அவரை முட்டவைத்துக்கொண்டே இருப்பார்கள்.

தாக்குதலில் ஒரே கேள்வி: தடுப்பவரிடமிருந்து விலகி இடம் உண்டாக்க எத்தனை டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) தேவைப்படுகிறது? என்பிஏவில் ஷாட் கடிகாரம் (பந்து கிடைத்ததும் ஷாட் எடுக்க வேண்டிய நேரம்) 24 விநாடி, கல்லூரியில் 30. ஜிம்மரின் ஷாட் பொய்யில்லை. என்பிஏவிலும் அவர் தூரத்திலிருந்து நன்றாகவே அடித்தார். பந்தை வெகுநேரம் கையில் வைத்து இடம் உண்டாக்கும் வசதிதான் அங்கே கிடைக்கவில்லை.

ஒரு பொறி உண்டு. பயிற்சியாளர் ஜிம் போஹைம் காலத்து சிராக்யூஸ் பல்கலைக்கழகம் போல எப்போதும் 2-3 ஸோன் (ஆளைக் காக்காமல், முன்னால் இருவர், பின்னால் மூவர் என இடத்தைக் காக்கும் முறை) ஆடும் அணியில் தனிநபர் தடுப்பாட்டத்தை அளக்கவே முடியாது. ‘தெரியவில்லை’ என்று எழுதுங்கள், யூகத்தை மதிப்பெண்ணாக்காதீர்கள். சென்டர் வீரரும் அப்படித்தான். என்பிஏவில் யாரையும் காவல் காக்காமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் தவறு. கல்லூரியில் அந்த விதி இல்லை. அங்கே அசையாமல் நின்று பிளாக் குவித்தவர், வெளியே வந்து தடுக்கும்போது கால் எப்படி நகர்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

படி 5: வேலை என்ன?

இப்போது மறைத்த புள்ளிக் கட்டத்தைத் திறக்கலாம். பிறகு ஒரே வாக்கியம் எழுதுங்கள்: ‘முதல் மூன்று ஆண்டில் இவர் இதைச் செய்து களத்தில் நிற்பார்.’ “மூலையில் நின்று மூன்று புள்ளி அடிப்பார், எதிரணியின் சிறந்த விங் (பக்கவாட்டில் ஆடும்) வீரரைத் தடுப்பார்” என்பது வாக்கியம். “திறமைசாலி, வளர்வார்” என்பது வாக்கியமல்ல. எழுத வரவில்லை என்றால் படி 4-க்குத் திரும்புங்கள்.

1 முதல் 60 வரை வரிசைப்படுத்த முயலாதீர்கள். 23-வதுக்கும் 27-வதுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல யாராலும் ஆகாது. நட்சத்திரம், தொடக்க ஐவர், மாற்று வீரர், சோதித்துப் பார்க்கலாம் என நான்கு கூடை போதும். மருத்துவ அறிக்கை அணிகளுக்கு மட்டுமே போகும் என்பதால், முழங்கால், முதுகு அறுவை சிகிச்சை நடந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். தாளில் தேதி எழுதி மூடிவையுங்கள், டிராஃப்ட் இரவுக்குப் பிறகு அதில் கைவைக்கக் கூடாது.