முதல் வேகக் கார்: திருகோணமலை வீதிகளில் இளம் சாரதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்ணியாவிலும் மூதூர் வழியிலும் பாதைப் படகுக்காக வாகனங்கள் வரிசையில் காத்துக் கிடந்த காலம் இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்கு நினைவில் இருக்க வாய்ப்பில்லை. 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் மட்டக்களப்பு வீதியும் புல்மோட்டை வீதியும் காப்பெற் இடப்பட்டு வழுவழுப்பாகின. அந்த வீதிகளில் இப்போது வேகக் கார்களும் வந்துவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. புதியவற்றின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், இளைஞர்கள் வாங்குவது பெரும்பாலும் கைமாறிய ஸ்விப்ற் ஸ்போர்ட், டர்போ (இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தி வலுவைக் கூட்டும் கருவி) பொருத்திய சிவிக், அல்லது பத்துப் பதினைந்து வருடம் ஓடிய லான்சர் எவலூஷன்.

நல்ல வீதி, நல்ல இயந்திரம், புதிய சாரதி ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் நம் பிள்ளைகளை இழக்கிறோம். அதனால் இதைப் பயமுறுத்துவதற்காக அல்லாமல், கார் ஓட்டும் ஆசையை மதித்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, காரின் வேகத்தைக் காதாலும் உடம்பாலும் அளப்பது. 800 சீசீ ஆல்ற்றோவில் பழகியவருக்கு மணிக்கு 90 கிலோமீற்றர் என்றால் இயந்திரம் அலறும், ஸ்டியரிங் நடுங்கும். ஒரு தொன்னை ஒட்டிய எடையில் சுமார் 140 குதிரைவலு கொண்ட ஸ்விப்ற் ஸ்போர்ட்டில் அதே வேகம் அமைதியாக இருக்கும். உடம்பு '60 இல் போகிறோம்' என்று சொல்லும். வேகமானி வேறொன்றைக் காட்டும். உப்புவெளி தாண்டியதும் நேராக ஓடும் நிலாவெளி வீதியில் இந்த மயக்கம் இன்னும் கூடும். ஆகவே முதல் சில மாதங்களுக்கு வேகமானியை அடிக்கடி பார்ப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நகருக்கு வெளியே கார்களுக்குரிய வேக எல்லை 70. காய்ந்த தார், நல்ல டயர், ஒரு விநாடிக்குள் பிரேக்கை மிதிக்கும் விழிப்பான சாரதி என்று வைத்துக்கொண்டால், 70 இல் வரும் கார் நிற்க ஏறத்தாழ 47 மீற்றர் வேண்டும். 100 இல் வரும் காருக்கு 84 மீற்றர் வேண்டும். இரண்டு கார்களும் ஒரே இடத்தில் மாட்டைக் கண்டு பிரேக் பிடித்தால், முதலாவது கார் நின்ற புள்ளியை இரண்டாவது கார் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேகத்தில் கடக்கும். 'முப்பதுதானே கூட' என்ற பேச்சுக்கு இதுதான் பதில்.

இந்தக் கணக்கு இரவில் இன்னும் இறுகுகிறது. தாழ்த்திய ஹெட்லைட்டில் தெளிவாகத் தெரியும் தூரம் பொதுவாக 40 முதல் 60 மீற்றர். எதிரே வாகனம் வரும்போது வெளிச்சத்தைத் தாழ்த்தியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் 100 இல் போகிறவர், தான் பார்க்காத வீதியில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். குச்சவெளிப் பக்கம் இரவில் பகல் சூடு மாறாத தாரில் மாடுகள் படுத்துக் கிடப்பதை இந்த ஊரார் எல்லோரும் அறிவோம். கறுத்த எருமை ஒன்று கறுத்த வீதியில் நிற்பது கிட்டே போகும்வரை தெரியாது. நகருக்குள் மான்கள்: பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்திலும் கடற்கரையோரத்திலும் ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று நினைத்தே காலைப் பிரேக்கின்மேல் வைத்திருக்க வேண்டும்.

கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை. உடல் வெளிச்சத்தை வாங்கி விழுங்கிவிடும். கண்கள் ஹெட்லைட் ஒளிக்கு மேலே இருப்பதால் மின்னிக் காட்டாது. தாழ்வான கார் மோதுவது கால்களில். மேலே இருக்கும் பாரம் விழுவது முன்கண்ணாடியிலும் கூரையிலும். அந்தக் காட்டு வழியில் முன்னால் வாகனங்கள் காரணமின்றி நிற்பதுபோல் தெரிந்தால், வரிசையை முந்துவதே மிகப் பெரிய தவறு. நிற்கிறவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. ஹோர்ன் அடிக்காமல், வெளிச்சத்தை விட்டுவிட்டு அடிக்காமல், சத்தமான சைலன்சரை உறுமவிடாமல், பின்னால் எடுக்க இடம் விட்டு நிற்க வேண்டும். முடிந்தால் அந்தப் பகுதியைப் பகலிலேயே கடந்துவிடுவது நல்லது.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று சேரும். தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கங்களில் வீதியின் ஓரத்தில் நெல் காயப்போடுவார்கள். காய்ந்த நெல்லின்மேல் அகன்ற டயர் ஏறினால் மணிகள் குண்டுமணிபோல் உருண்டு பிடிப்பை எடுத்துவிடும். நெல்லைக் காக்க வைத்த கற்களும் கிளைகளும் சில வேளைகளில் மாலையில் நெல் அள்ளிய பிறகும் அங்கேயே கிடக்கும். விவசாயியைத் திட்டிப் பயனில்லை. வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போவதுதான் வழி.

இனிக் காருக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். கார் வாங்கிய மகிழ்ச்சியில் முதல் செலவு சைலன்சருக்கும், அலோய் ரிம்முக்கும், காரைத் தாழ்த்துவதற்கும் போகிறது. அந்தப் பணம் முதலில் டயருக்கும் பிரேக்குக்கும் போக வேண்டும். வாங்கப் போகும் காரின் பக்கத்தில் குந்தியிருந்து டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். ஒரு சிறு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்த டயர். டயரின் பூக்கள் (தரையைப் பிடிக்கும் வெட்டு வரிகள்) ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த டயரின் ரப்பர் இறுகியிருக்கும். விரல்நகத்தை அழுத்தினால் பதியாது, பூக்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். அதைக் காரை விற்பவர் 'இன்னும் ஓடும்' என்பார். ஓடும்; மழையில் நிற்காது. நான்கையும் ஒன்றாக மாற்ற வசதியில்லாமல் இரண்டு மட்டும் வாங்கினால், புதியவற்றைப் பின்சக்கரங்களுக்குப் போடச் சொல்லுங்கள். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வாய்ப்புண்டு. பின்பக்கம் வழுக்கினால் சுழன்றுவிடும், புதிய சாரதியால் பிடிக்க முடியாது.

பிரேக் எண்ணெயை நம்மவர்கள் குறைந்தால் மட்டும் ஊற்றுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். தொடர்ந்து கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது கொதித்து ஆவிக்குமிழி உண்டாகி, மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும். கடற்காற்றில் வாழும் நாம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றிவிட வேண்டும். கடற்கரையோரம் சில நாள் நிறுத்திய காரின் பிரேக் தட்டுகளில் மெல்லிய துரு படரும். வீட்டைவிட்டு வெளிக்கிட்டதும் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டே வேகம் எடுங்கள். அடிப்பகுதியிலுள்ள உலோகப் பிரேக் குழாய்களில் உப்புத் துரு ஏறியிருக்கிறதா என்று கராஜில் காரைத் தூக்கிப் பார்ப்பதும் அவசியம்.

ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரிவரை நமக்கு மாரி. அந்த நேரத்தில்தான் 'ட்ரக்ஷன் ஓஃப்' பொத்தானை அழுத்திச் சக்கரத்தைச் சுழலவிடும் ஆசை சிலருக்கு வருகிறது. சறுக்கலைக் கண்டு ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் அந்த மின்னணு உதவியைப் பொது வீதியில் நிறுத்தக் காரணமே கிடையாது. தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கினால் ஸ்டியரிங் திடீரென இலேசாகும். அப்போது பிரேக்கை உதைக்கவும் கூடாது, ஸ்டியரிங்கை வெட்டவும் கூடாது. அக்சிலேற்றரிலிருந்து காலை மெல்ல எடுத்து, நேராகப் பிடித்து, பிடிப்பு திரும்பும்வரை பொறுக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது மிதி காலுக்கடியில் துடிக்கும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். அது வேலை செய்வதன் அடையாளம், இன்னும் அழுத்துங்கள்.

டர்போ கார்களில், குறிப்பாகப் பழையவற்றில், மிதித்த கணத்தில் வலு வராது. சற்றுத் தாமதித்து மொத்தமாக வரும். வளைவின் நடுவில் மிதித்தால் அது வந்து சேரும்போது சக்கரம் இன்னும் திரும்பியிருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங் நேராகத் தொடங்கிய பிறகு மிதிப்பதே சரி. வளைவுக்குள் அதிவேகமாக வந்துவிட்டோம் என்று பதறிக் காலைச் சட்டென எடுப்பதும் பின்பக்கத்தை இலேசாக்கிச் சுழற்றிவிடும்.

நண்பர்கள் விடயம் சொல்லக் கடினமானது, ஆனாலும் சொல்ல வேண்டும். இளம் சாரதியின் காரில் சம வயதினர் கூடக் கூட உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனாலேயே நியூசிலாந்து போன்ற நாடுகளில் புதிய சாரதிகள் இரவில் தனியே ஓட்டுவதற்கும் நண்பர்களை ஏற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. இங்கே அப்படிச் சட்டமில்லை. வீட்டில் ஒரு ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் ஒருவருக்கு மேல் ஏற்றுவதில்லை, இரவு ஒன்பதுக்குப் பிறகு எடுப்பதில்லை என்று அப்பாவும் பிள்ளையும் பேசி முடிவெடுத்தால் அது அவமானமல்ல. பின்னால் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். போடாவிட்டால் மோதும்போது அவருடைய முழு எடையும் முன்னால் இருப்பவரின் முதுகில்தான் வந்து விழும். குடித்திருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம்.

காரின் முழு வலுவையும் ஒரு முறையாவது உணர வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதற்குக் களங்கள் இருக்கின்றன: நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி, களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்த ஓட்டப் பாதை. அங்கே ஹெல்மெட், மருத்துவக் குழு, மூடிய வீதி எல்லாம் உண்டு. கிண்ணியாப் பாலத்தில் மாலையில் காற்று வாங்க நிற்கும் குடும்பங்கள் அங்கே இல்லை.

கடைசியாகக் காப்புறுதி. டர்போ அழுத்தத்தைக் கூட்டினாலோ, இயந்திரத்தை மாற்றினாலோ, சக்கர அளவை மாற்றினாலோ காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்களின் பதிலையும் எழுத்திலேயே வாங்கி வையுங்கள். முகவர் தொலைபேசியில் 'பரவாயில்லை' என்றது இழப்பீடு கேட்கும் நாளில் செல்லாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால் உங்கள் காருக்கு ஒன்றும் கிடைக்காது என்பதையும் வாங்குவதற்கு முன்பே கணக்கில் எடுங்கள். விபத்து நடந்தால் முதலில் 1990. அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. பிறகு பொலிஸுக்கு 119. காப்புறுதிக்காரருக்கு அதன் பிறகு அழைத்தால் போதும்.