சேசிஸில் ஓட்டை போடாமல் பிக்கப்பில் பழைய பிளாட்பெட் ஏற்றுவது எப்படி?

எங்கள் பிக்கப் வாங்கும்போது தொட்டி பாடியோடுதான் வந்தது. வைக்கோல் கட்டு ஏற்றும் நாளில் அந்தத் தகரச் சுவர்தான் முதல் எதிரி. பக்கவாட்டில் ஏற்ற முடியாது, பின்பக்கம் மட்டும்தான் வழி. குடியாத்தம் பக்கம் ஒரு காயலான் கடையில் எட்டரை அடி பிளாட்பெட், அதாவது சுவர் இல்லாத தட்டையான மேடை, கண்ணில் பட்டதும் வாங்கிவிட்டேன்.

முதல் தடவை பாடி கட்டும் பட்டறை ஒன்றில் விட்டேன். அவர்கள் பெட்டை நேராக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கும் சந்தோஷம்தான். பீஞ்சமந்தை மலைப்பாதையில் எட்டு மாதம் ஓடிய பிறகு, வெல்டிங் முடிகிற இடத்தில் சேசிஸில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதைச் சரிசெய்து, இரண்டாம் முறை நானும் மச்சானும் வீட்டு வாசலிலேயே மாட்டினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிக்கப்பின் சேசிஸ் ஏணி போன்றது. ‘ C ’ வடிவ இரும்புச் சட்டமான சேனல் நீளவாக்கில் இரண்டு, நடுவில் குறுக்குச் சட்டங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அது லேசாக முறுக்கிக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மேலே பெட்டை ஒட்டவைத்தால் அந்த முறுக்கு முழுவதும் வெல்டிங் முனையில் போய் நிற்கும். அதனால் பெட் சேசிஸ் மேல் உட்கார வேண்டும், ஒட்டிக்கொள்ளக் கூடாது. சேசிஸ் சேனலின் மேல் பட்டையிலும் கீழ்ப் பட்டையிலும் டிரில்லும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

காகித வேலை

இதை முதலில் முடியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பாடி வகை எழுதியிருக்கும். அதை மாற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கீழ் வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முடிந்ததும் ஆர்.சி.யில் பதியுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

பெட்டைப் பார்த்து வாங்குதல்

மேல்தகட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், புது பெயிண்ட் எதையும் மறைக்கும். கீழே குனிந்து, நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் மூலைகளைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். துரு தின்ற இடத்தில் சத்தம் செத்திருக்கும், பொருக்கு உதிரும். அப்புறம் டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பெட் கோணலாகவில்லை.

வண்டியில் எடுக்க வேண்டிய அளவுகள் நான்கு. பெட்டின் நீளச் சட்டங்கள் இரண்டும் சேசிஸ் சேனல்களுக்கு நேர்மேலே வருகிறதா? வராவிட்டால் பெட்டின் சட்டத்தை வெட்டி நகர்த்துங்கள், சேசிஸைத் தொட வேண்டாம். கேபினுக்கும் பெட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி கிடைக்கிறதா? இரண்டும் தனித்தனியாக ஆடும், உரசக் கூடாது. டயருக்கு மேலே, லோடு ஏறி ஸ்பிரிங் முழுக்க அமுங்கினாலும் இரண்டு அங்குலம் மிஞ்ச வேண்டும். கடைசியாக, பின் அச்சின் மையத்திலிருந்து பெட்டின் வால் வரை உள்ள நீளம். விதிப்படி அது வீல்பேஸில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலுள்ள தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீல்பேஸ் 2,500 மி.மீ. என்றால் 1,500 மி.மீ. வரைதான்.

பழைய பாடியை இறக்குதல்

பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பின்விளக்கு வயர்களைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டி எது என்று எழுதுங்கள், செல்போனில் படமும் எடுங்கள். டீசல் ஊற்றும் குழாய் பாடியோடு கிளாம்ப் போட்டிருந்தால் அதை விடுவித்து, துணி வைத்து வாயை அடையுங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டால் காலையில் பாதி வேலை மிச்சம்.

தூக்குவதற்கு ஆள் பலத்தை நம்பாதீர்கள். நாங்கள் ஹைட்ரா கிரேன் ஒன்றை வாடகைக்குக் கூப்பிட்டு, பழையதை இறக்கி, புதியதைத் தயாராகக் கட்டைமேல் வைத்துக்கொண்டோம். தொங்கும் பாடிக்குக் கீழே கை, கால், தலை எதுவும் போகக் கூடாது.

சேசிஸ் வெறுமையாக நிற்கும் நாள் இனி எப்போது வருமோ. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, விரிசல் தேடி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடியுங்கள். வேலூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் மே மாதத்தில் பதினோரு மணிக்கு மேல் இரும்பைத் தொட முடியாது, விடிகாலையில் தொடங்குங்கள்.

உட்கார வைத்தல்

சேசிஸ் சேனல் மேல் முழு நீளத்துக்கும் ரப்பர் பட்டை போடுங்கள். பழைய கன்வேயர் பெல்ட்டை அறுத்துப் போட்டால் போதும். இரும்பும் இரும்பும் நேராக உரசாது. பெட்டை இறக்கி, பின் அச்சின் இரு முனையிலிருந்தும் பெட்டின் பின்மூலைகள் வரை அளந்து, இருபக்கமும் சமமாகும்வரை கடப்பாரையால் நெம்புங்கள். ஒரு அங்குலம் விலகினாலும் பின்னால் வருகிறவருக்கு வண்டி கோணலாகப் போவது தெரியும்.

இப்போது யூ-போல்ட், பெட்டின் சட்டத்தையும் சேசிஸ் சேனலையும் சேர்த்துச் சுற்றிப் பிடிக்கும் U வடிவ போல்ட். பக்கத்துக்குக் குறைந்தது மூன்று வேண்டும். புதியவர்கள் இங்கேதான் தவறுவார்கள்: சேனலின் வாய் ஒரு பக்கம் திறந்திருப்பதால், நட்டை முடுக்க முடுக்க மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஒன்றையொன்று நோக்கி வளையும். யூ-போல்ட் வரும் இடங்களில் சேனலுக்கு உள்ளே அளவாக அறுத்த கெட்டி மரக்கட்டையை இறுக்கமாகச் செருகுங்கள். சைலன்சர் பக்கத்தில் மரம் வேண்டாம், இரும்புத் துண்டு வையுங்கள். முடுக்குவதற்கு முன் சேனலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பிரேக் பைப்பும் வயர் கட்டும் அங்கேதான் ஓடும். யூ-போல்ட் அவற்றை நசுக்கினால் தெரியவருவது இறக்கத்தில்தான்.

யூ-போல்ட் பெட்டைக் கீழே அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். சட்டென்று பிரேக் அடித்தால் லோடோடு பெட் முன்னால் வழுக்கும். அதைத் தடுக்க, பழைய பாடியின் பிராக்கெட் இருந்த கம்பெனி ஓட்டைகளிலேயே கெட்டித் தகடுகளைப் போல்ட் போட்டு, தகட்டின் மேல்முனையைப் பெட்டின் சட்டத்தோடு இணையுங்கள். தகட்டைப் பெட்டோடு வெல்டிங் செய்யும்போதும் பேட்டரி கழன்றே இருக்கட்டும், வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் பெட்டிலேயே பிடிக்கட்டும், டீசல் டேங்கை ஈரச் சாக்கால் மூடுங்கள்.

மிச்சம்

விளக்கு, நம்பர் பிளேட், மட்கார்டு. பிரதிபலிக்கும் டேப் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பேட்டரியின் மைனஸைக் கடைசியில் மாட்டி எல்லா விளக்கையும் எரித்துப் பாருங்கள். பிறகு காலி வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். மொத்த எடை வரம்பு மாறாது. பெட் 150 கிலோ கூடுதல் என்றால் லோடில் 150 கிலோ குறைந்தது என்று கணக்கு.

முடுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். ரப்பர் அமுங்கும், நட்டு தளரும். 200 கிலோமீட்டர் ஓடியதும் குனிந்து பாருங்கள். ஆம்பூர் வரை ஒரே ஒரு நடை போய் வந்ததற்கே, எங்கள் வண்டியில் இடப்பக்கப் பின் யூ-போல்ட்டில் கோடு கால் சுற்று விலகியிருந்தது.