12 கட்டங்களுக்குள் ஆங்கிலத்தை அடைக்காதீர்கள்

கேரள எல்லையோரச் செங்கோட்டையில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். நான் படித்த காலத்தில் இடறிய அதே இடங்களில்தான் இன்றைய பிள்ளைகளும் இடறுகிறார்கள். எழுத்துப்பிழை, ‘எ’, ‘ஆன்’ குழப்பம் எல்லாம் படிக்கப் படிக்கச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஆண்டுக்கணக்கில் உழைப்பை விழுங்குகிற தவறுகள் வேறு.

காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்வது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மூன்று காலங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு வகை, ஆக 12 கட்டங்கள். கொல்லத்தில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போன மாணவி ஒருத்தி அழாத குறையாக வந்து நின்றாள். ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் லிவிங் இன் செங்கோட்டை?’ என்று கேட்டிருக்கிறார்கள். “அது எந்தக் கட்டம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் சார், அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்” என்றாள். அட்டவணையைச் சொல்லச் சொன்னேன். 12 கட்டங்களையும் ஒரு பிசகு இல்லாமல் ஒப்பித்தாள். பதிலுக்கு வேண்டிய ‘ஹேவ் பீன் லிவிங்’ கேள்விக்குள்ளேயே இருந்தது; அதை எடுத்துக்கொள்ள அட்டவணை அவளுக்குக் கற்றுத்தரவில்லை.

உண்மையில் அமைப்பு மிக எளியது. ஆங்கில வினைகள் ரயில் பெட்டிகளைப்போல் கோத்துக்கொண்டு வரும். முன்னால் இருப்பது, அடுத்து வருவதன் வடிவத்தை முடிவு செய்யும். ‘வில்’, ‘கேன்’, ‘மே’ வந்தால் அடுத்தது வேர்வடிவம். ‘ஹேவ்’ வந்தால் மூன்றாம் வடிவம். செய்வினையில் ‘பீ’ வந்தால் அடுத்த வினையில் ‘இங்’ சேரும். ‘ஹேவ்’ முன்னால் நிற்பதால் ‘பீ’ என்பது ‘பீன்’ ஆயிற்று. அதைத் தொடர்ந்து வந்த ‘லிவ்’, ‘லிவிங்’ ஆயிற்று. ‘ஹேவ்’ இருந்த இடத்தில் ‘ஹேட்’ வைத்தால் இறந்தகாலம். முன்னால் ‘வில்’ சேர்த்தால் எதிர்காலம். மற்றவை அசையவே இல்லை, கவனியுங்கள்.

காலத்தைச் சுமப்பது முதல் வினை மட்டுமே. ‘டிட் யூ வென்ட்?’ தவறாவது இதனால்தான். ‘டிட்’ இறந்தகாலத்தை வாங்கிக்கொண்டது. பின்னால் ‘கோ’ போதும். ‘ஷீ நோஸ்’ என்பது ‘ஷீ டஸ் நாட் நோ’ ஆகும்போது, கடைசி ‘ஸ்’ ஒலி ‘டூ’வுக்குப் போய்விடுகிறது. தமிழிலும் ‘போனான்’ என்பதன் எதிர்மறை ‘போகவில்லை’. ‘போனவில்லை’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லையே!

மலையாளத்தை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது

எல்லையோரப் பிள்ளைகளுக்குக் கிடைத்த வசதி இது. ‘ஞான் போயி’, ‘அவன் போயி’, ‘அவள் போயி’: ஆள் மாறினாலும் வினை மாறவில்லை. ஆங்கில ‘வென்ட்’டும் அப்படியேதான். ஆனால் எதிர்மறைக்கு மலையாளம் வேண்டாம். ‘போயில்ல’ என்பதில் இறந்தகாலம் வினையிலேயே தங்கிவிடுகிறது. அங்கே தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாயைத் திறக்காமல் படிப்பது

கூடவே கூடாது.

வினை வடிவங்களை அகரவரிசையில் உருப்போடுவது

ஓசை ஒத்தவற்றைச் சேர்த்துப் படியுங்கள்: சிங், சேங், சங், ரிங், ரேங், ரங், டிரிங்க், டிரேங்க், டிரங்க்.

சொற்களைத் தனித்தனியாகச் சேர்ப்பது

நாளுக்குப் பத்துச் சொல் என்று நோட்டை நிரப்புகிறார்கள். ‘டிசைட்’ ஒரு பக்கம், ‘டிசிஷன்’ வேறொரு பக்கம். இரண்டையும் அருகருகே எழுதி, கீழே ‘டிவைட், டிவிஷன்’, ‘கொலைட், கொலிஷன்’ என்று அடுக்கினால் ஒழுங்கு கண்ணுக்கே தெரியும். பிறகு ‘ப்ரொவைட்’ பார்த்தவுடன் ‘ப்ரொவிஷன்’ தானாக வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சில வரிகளைக் காலியாக விடுங்கள். அதே குடும்பத்துச் சொல் செய்தித்தாளிலோ மருந்துச் சீட்டிலோ கண்ணில் படும் நாளில் அங்கே எழுதிக்கொள்ளலாம்.