டிரிப் கணக்கில் மார்க் போகாமல் இருக்க

நர்சிங் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கையில் பெரும்பாலும் உதைப்பது டிரிப் கணக்குதான், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும் என்ற கணக்கு. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: மி.லி. அளவை டிரிப் செட்டின் (குழாயின்) சொட்டு எண்ணால், அதாவது ஒரு மி.லி.க்கு விழும் சொட்டுகளால் பெருக்கி நிமிடத்தால் வகுக்க வேண்டும். மணியை நிமிடமாக்க மறப்பதில்தான் சறுக்கல். 500 மி.லி. சலைன், 4 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு செட் என்றால் 500 × 20 ÷ 240 = 41.67, விடை நிமிடத்துக்கு 42 சொட்டு. அரைச் சொட்டு விழாதே! 60 சொட்டு மைக்ரோ செட்டுக்கு இந்தப் பாடே வேண்டாம். மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

கணக்குப் போடும் முன் அலகுகளை வட்டமிடுவதுதான் எனக்குக் கைகொடுத்த வழி. இன்சுலினில் இது உயிர்ப் பிரச்சினை. மி.லி.க்கு 100 யூனிட் உள்ள குப்பியிலிருந்து, மி.லி.க்கு 40 யூனிட் என்று கோடிட்ட சிரிஞ்சில் (சிவப்பு மூடி) 20 யூனிட் என நினைத்து 20 கோடுவரை இழுத்தால் அரை மி.லி., அதாவது 50 யூனிட் ஏறிவிடும். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்தான்.

டிகாக்ஸின் என்ற இதய மருந்து பற்றிய வினாவில் ‘டாக்டரிடம் தெரிவி’ என்ற விடை ஆசை காட்டும். முதலில் இதய நுனித் துடிப்பை (நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது) முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்துவிட்டு, அப்புறம்தான் டாக்டர். பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் தள்ளச் சொல்லும் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு தவறென்று நீக்கிவிடலாம்.