தூக்கிட்டு போற சைஸ்ல ஒரு பேஸ் ஆம்ப்: எத பாத்து வாங்கணும், எப்படி வாசிக்கணும்

சின்ன பேஸ் ஆம்ப் (பேஸ் கிட்டாரோட சத்தத்த பெருசாக்குற பெட்டி) தேடுறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே ஆசையதான் சொல்றாங்க, ஒரு கையில தூக்கணும், டிரம்ஸ தாண்டி கேக்கணும், கீழ் நோட்டு வாசிச்சா நெஞ்சுல அதிரணும். இதுல ரெண்டுதான் கிடைக்கும், மூணாவது கிடைக்காது. இது கம்பெனிக்காரங்க ஏமாத்துறதெல்லாம் இல்ல, பிசிக்ஸ் அப்படி. ஸ்பீக்கர் டிசைன் பண்றவங்க இத ஹாஃப்மனோட இரும்பு விதின்னு சொல்வாங்க (கே.எல்.ஹெச்னு ஒரு பழைய ஸ்பீக்கர் கம்பெனி, அதுல கடைசியா வர்ற ஹெச் இந்த ஹாஃப்மன்தான்). பெட்டி சின்னதா இருக்கணும், ரொம்ப கீழ வரைக்கும் பேஸ் போகணும், கொஞ்சம் பவர்லயே நல்லா சத்தம் வரணும், இந்த மூணுல ஒண்ண விட்டுக்குடுத்தே ஆகணும்ங்கிறதுதான் அந்த விதி. போர்ட்டபிள்னு சொன்ன உடனே பெட்டி சின்னதுன்னு முடிவாயிடுச்சு, மிச்சம் இருக்குற ரெண்டுல எத விடப்போறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணிட்டா பாதி குழப்பம் தீர்ந்துடும்.

என்னை கேட்டா அந்த ரொம்ப அடியில இருக்குற சத்தத்த விட்டுடுங்க. நாலு ஸ்ட்ரிங் பேஸ்ல ஓப்பன் ஈ நோட்டு 41 ஹெர்ட்ஸ் சுமாரு, அஞ்சு ஸ்ட்ரிங்ல ஓப்பன் பி 31 தான். எட்டு இன்ச் ஸ்பீக்கர் போட்ட சின்ன பெட்டி அந்த 41-ஐ ஒழுங்கா குடுக்காது, ஆனா நமக்கு ஈ நோட்டு ஈ நோட்டாதான் கேக்குது, ஏன்னா அதோட ரெட்டிப்பு 82, மும்மடங்கு 123 எல்லாம் ஸ்பீக்கர்ல நல்லா வருது, அத வச்சு மூளை கீழ இல்லாத நோட்ட தானே நிரப்பிக்குது. ஃபோன் ஸ்பீக்கர்ல பாட்டு கேக்கும்போதும் பேஸ் லைன் ஓரளவு புரியுதே, அதுவும் இதனாலதான். அதனால "41 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகுமா"ன்னு தேடுறத விட 80-ல இருந்து 800 வரைக்கும் சுத்தமா, கரகரப்பு இல்லாம வருதான்னு பாருங்க.

அடுத்தது வாட்ஸ். கிட்டார்காரர் 30 வாட்ஸ்ல ஊரையே எழுப்புறாரு, நான் ஏன் 300 வாங்கணும்னு பேஸ் வாசிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு நாள் கோவம் வரும். கீழ் நோட்டுக்கு காது மந்தம், அதோட ஸ்பீக்கர் கோன் (முன்னாடி அதிர்ற காகித கூம்பு) நிறைய காத்த தள்ளணும், அதுக்கு பவர் போய்க்கிட்டே இருக்கும். இன்னொரு விஷயம், 100 வாட்ஸ 200 ஆக்குனா வெறும் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு கொஞ்சம் ஏறின மாதிரி தெரியும், அவ்வளவுதான். ரெட்டிப்பு சத்தமா தோணணும்னா பத்து மடங்கு பவர் வேணும். ஸ்பீக்கர் சென்சிட்டிவிட்டின்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, ஒரு வாட்ஸ் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்னா எத்தன டெசிபல் வருதுன்னு. அதுல 97 இருக்குற ஸ்பீக்கருக்கும் 100 இருக்குறதுக்கும் வித்தியாசம், பவர ரெட்டிப்பாக்குறதுக்கு சமம். பெட்டி மேல பீக் வாட்ஸ்னு பெரிய எழுத்துல போட்டிருந்தா அத கண்டுக்காதீங்க, ஆர்எம்எஸ் நம்பர், அதாவது தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர், அத மட்டும் பாருங்க.

சரி, எவ்வளவு வேணும்? அது நீங்க யாரோட வாசிக்கிறீங்கங்கிறத பொறுத்தது.

தனியா வீட்ல ப்ராக்டிஸ்னா ஆம்பே வேணுமான்னு முதல்ல யோசிங்க. வாக்ஸ் ஆம்ப்பிளக் பேஸ் மாதிரி கிட்டார் ஜாக்லயே சொருகிக்கிற குட்டி சாதனம் ரெண்டு டிரிபிள் ஏ பேட்டரில ஓடும், நல்ல ஹெட்ஃபோன் போட்டா கீழ் நோட்டு எந்த சின்ன ஆம்ப்லயும் வராத அளவுக்கு முழுசா வரும். ஸ்பீக்கர் வேணும்தான்னா ரோலண்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்எக்ஸ் இருக்கு, நாலு இன்ச் ஸ்பீக்கர் நாலு, ஆறு டபுள் ஏ பேட்டரி. பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 பேஸ் இன்னும் சின்னது, வெறும் 3 வாட்ஸ், மேஜை மேல வச்சு ஸ்கேல் வாசிக்க சரியா இருக்கும், பக்கத்துல ஒருத்தர் சத்தமா பேசுனாலே தோத்துடும். புளூடூத் உள்ள ஆம்ப்ல ஃபோன்ல இருந்து பாட்ட அனுப்பி கூட வாசிக்கலாம், அது சௌகரியம், ஆனா நீங்க வாசிக்கிறத சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன்ல கேக்கலாம்னு நினைக்காதீங்க, விரல் பட்ட பிறகு லேட்டா சத்தம் வரும், தாளமே போயிடும்.

ஒரு அகௌஸ்டிக் கிட்டார், கஹோன் (மேல உக்காந்து கையால தட்டுற மரப்பெட்டி), ஒரு பாடகர், இந்த மாதிரி செட்டுக்கு 40-ல இருந்து 100 வாட்ஸ், பத்து இல்ல பன்னெண்டு இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு தாராளம். ஃபெண்டர் ரம்பிள் 40 எட்டு கிலோ சுமாரு, ரம்பிள் 100 பத்து கிலோ கிட்ட, மாடிப்படி ஏறும்போது இந்த ரெண்டு கிலோ வித்தியாசம் பெருசா தெரியாது, அதனால நான் 100-தான் சொல்வேன். நிஜ டிரம்ஸ், அதுவும் கொஞ்சம் பலமா அடிக்கிற ஆளுன்னா 200-300 வாட்ஸுக்கு கீழ போகாதீங்க. 40 வாட்ஸ் ஆம்ப முழுசா திருகி வச்சுட்டு ரிகர்சல் முழுக்க பொரபொரன்னு ஒரு சத்தத்தோட போராடுறத விட, 300-அ பாதியில வச்சு வாசிக்கிறது காதுக்கும் நல்லது, ஸ்பீக்கருக்கும் நல்லது.

மேடையில பிஏ (ஆடியன்ஸுக்கு கேக்க வைக்கிற பெரிய மிக்ஸர், ஸ்பீக்கர் செட்) இருக்கா, அப்ப ஆம்ப் உங்களுக்கு மட்டும்தான், ஆடியன்ஸுக்கு இல்ல. ஆம்ப் பின்னாடி எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட் (மைக் கேபிள் சொருகி சிக்னல நேரா மிக்ஸருக்கு அனுப்புற ஜாக்) இருக்கும், அதுல இருந்து கேபிள் மிக்ஸருக்கு போகும், கீழ் சத்தத்த பிஏல இருக்குற பெரிய சப்வூஃபர் பாத்துக்கும், உங்க பக்கத்துல இருக்குற குட்டி ஆம்ப் நீங்க என்ன வாசிக்கிறீங்கன்னு உங்களுக்கு காட்டுனா போதும். இதனாலதான் சொல்றேன், மேடைக்கு போர்ட்டபிள் ஆம்ப் வாங்கும்போது டிஐ அவுட் இல்லாத ஆம்ப வாங்கவே வாங்காதீங்க. அந்த டிஐ ஈக்யூக்கு (பேஸ், மிட், ட்ரெபிள் நாப்புகளுக்கு) முன்னாடி இருந்தும் பின்னாடி இருந்தும் எடுக்குற மாதிரி ப்ரீ, போஸ்ட் சுவிட்ச் இருந்தா இன்னும் நல்லது, ப்ரீல வச்சுட்டா நீங்க மேடையில நாப்ப எப்படி திருகுனாலும் வெளிய போற டோன் மாறாது, சவுண்ட்காரர் உங்கள திட்ட மாட்டாரு. ம்ம்ம்னு ஹம் இரைச்சல் வந்தா டிஐ அவுட்டோட கிரவுண்ட் லிஃப்ட் பட்டன அமுக்குங்க, பெரும்பாலும் அதுலயே நின்னுடும். சுவர் பிளக்ல இருக்குற எர்த் பின்ன கழட்டுறது மட்டும் எப்பவும் கூடாது, உயிர் போற விஷயம்.

எடைக்கு வருவோம். 1969-ல வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ் வால்வ் ஹெட் (ஹெட்னா ஸ்பீக்கர் இல்லாத வெறும் ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டிக்கு கேபினெட்னு பேரு), அது மட்டுமே 40 கிலோ சுமாரு, அதுக்கு மேல எட்டு பத்து-இன்ச் ஸ்பீக்கர் போட்ட கேபினெட்ட தனியா உருட்டிட்டு போகணும். இன்னிக்கு டிரேஸ் எலியட் எல்ஃப்னு ஒரு ஹெட் 200 வாட்ஸ் குடுக்குது, ஒரு கிலோ கூட இல்ல, கிட்டார் பையோட முன் ஜிப்புல போட்டுக்கலாம். மூணு விஷயத்தாலதான் இப்படி ஆச்சு, ரொம்ப சூடாகாத கிளாஸ் டி பவர் சர்க்யூட் வந்ததால பெரிய ஹீட் சிங்க் போச்சு, சுவிட்ச் மோட் பவர் சப்ளை வந்ததால பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போச்சு, ஸ்பீக்கர்ல நியோடிமியம் காந்தம் வந்ததால காந்தத்தோட கனம் குறைஞ்சுது. வாங்கும்போது ஸ்பீக்கர் நியோவா செராமிக்கான்னு கேளுங்க, ஒரே சைஸ் பெட்டில பல கிலோ வித்தியாசம் வரும்.

காம்போவா (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டில), இல்ல ஹெட்டும் கேபினெட்டும் தனித்தனியான்னா, அடிக்கடி வெளிய வாசிக்கிறவங்களுக்கு தனித்தனிதான் நல்லதுன்னு தோணுது. ரிகர்சல் ரூம்ல கேபினெட் இருந்தா ஹெட்ட மட்டும் எடுத்துட்டு போகலாம், பிஏ இருக்குற மேடைன்னா ஹெட்ட டிஐ பாக்ஸா கூட வச்சுக்கலாம். காம்போ வாங்குனா எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் ஜாக் இருக்குறதா பாருங்க. இங்க ஓம்ஸ் கணக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கணும்: 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ரெண்ட சேர்த்தா 4 ஓம்ஸ் ஆகும், 4 ஓம்ஸ் ரெண்ட சேர்த்தா 2. நிறைய கிளாஸ் டி ஹெட்டுக்கு 4 தான் கடைசி எல்லை, அதுக்கு கீழ போனா ஆம்ப் தானே அணைஞ்சுக்கும் இல்லன்னா புகையும். அதனால முதல் கேபினெட் 8 ஓம்ஸா வாங்குங்க, பின்னாடி இன்னொண்ணு சேர்க்க வழி இருக்கும். ஹெட்ல 500 வாட்ஸ்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் 4 ஓம்ஸ்ல வர்ற நம்பர், ஒத்த 8 ஓம்ஸ் கேபினெட்ல 300 சுமாருதான் வரும். ஹெட்டையும் கேபினெட்டையும் இணைக்க ஸ்பீக்கர் கேபிள்தான் போடணும், கிட்டார் கேபிள் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள கம்பி மெல்லிசு, சூடாகிடும். ஸ்பீக்கான் ஜாக் (ஸ்பீக்கர் கேபிளுக்குன்னே உள்ள, திருகி பூட்டுற ஜாக்) இருந்தா இந்த குழப்பமே வராது.

ஆம்பே வேணாம்னு ஒரு வழியும் இருக்கு, நிறைய பேர் யோசிக்கிறதில்ல. ஒரு பேஸ் ப்ரீஆம்ப் பெடலும் (டோன், சிக்னல் அளவ சரி பண்ற சின்ன பெட்டி) பன்னெண்டு இன்ச் பவர்டு பிஏ ஸ்பீக்கர் (உள்ளயே ஆம்ப் இருக்குறது) ஒண்ணும் வச்சுக்கிட்டா பேஸுக்கும் ஆச்சு, கீபோர்டுக்கும் ஆச்சு, பாடுறதுக்கும் ஆச்சு. கீபோர்டு ஆம்பும் பரவால்ல. கிட்டார் ஆம்ப்ல பேஸ் சொருகுறது மெதுவான சத்தத்துக்கு ஓகே, வால்யூம் ஏத்துனா அந்த ஸ்பீக்கர் தாங்காது.

கடைக்கு போகும்போது உங்க பேஸையே எடுத்துட்டு போங்க. ஈக்யூ எல்லாத்தையும் நடுவுல வச்சுட்டு ஓப்பன் ஈய பலமா அடிச்சு வால்யூம ஏத்துங்க, எங்க வந்து சத்தம் கிழியுதுன்னு கவனிங்க. அப்புறம் பக்கத்துலயே நிக்காம நாலஞ்சு மீட்டர் தள்ளி போய் வேற யாரையாவது வாசிக்க சொல்லி கேளுங்க, முழங்கால் உயரத்துல இருக்குற பெட்டிய மேல இருந்து கேக்குறதும் எதிர்ல இருந்து கேக்குறதும் வேற வேற. பேஸ சொருகாம ஆன் பண்ணி ஃபேன் சத்தம், ட்வீட்டர்ல (மேல் சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) வர்ற இரைச்சல் கேளுங்க, ட்வீட்டர அணைக்க சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. ஹெட்ஃபோன் சொருகுனா ஸ்பீக்கர் அணையுதான்னும் பாருங்க, ராத்திரி வாசிக்கிறவங்களுக்கு இதுதான் முக்கியம். டபுள் பேஸ்ல (நிறுத்தி வச்சு வாசிக்கிற பெரிய மர பேஸ்) பியஸோ பிக்கப் (மரத்தோட அதிர்வ சிக்னலா மாத்துறது) வச்சிருக்கீங்கன்னா ஆம்போட இன்புட் இம்பீடன்ஸ் (உள்ள வர்ற சிக்னலுக்கு ஆம்ப் காட்டுற தடை) ஒரு மெகாஓம் ஆவது இருக்கணும், இல்லன்னா சத்தம் மெலிஞ்சு நாசில பேசுற மாதிரி வரும், நடுவுல ஒரு ப்ரீஆம்ப் போட வேண்டியதாயிடும்.

இனி வாசிக்கும்போது. மாஸ்டர (மொத்த சத்தத்துக்கான நாப்) கீழ வச்சுட்டு, நீங்க மேடையில எவ்வளவு பலமா வாசிப்பீங்களோ அவ்வளவு பலமா அடிச்சுக்கிட்டே கெய்ன (உள்ள வர்ற சிக்னல ஏத்துற நாப்) ஏத்துங்க, சிக்னல் அளவு மீறுதுன்னு காட்டுற கிளிப் லைட் எப்பவாவது மின்னுற இடத்துல கொஞ்சம் குறைச்சு நிறுத்துங்க, அப்புறம் மாஸ்டர்ல சத்தம் வைங்க. ஆக்டிவ் பேஸ்னா (உள்ள பேட்டரி போட்ட பேஸ்) சிக்னல குறைக்கிற பேட் சுவிட்ச அமுக்கிட்டு ஆரம்பிங்க. பேஸ் நாப்ப வலது பக்கம் முழுசா திருகுறதுதான் சின்ன ஆம்ப்ல எல்லாரும் பண்றது, அதுதான் ஆம்ப கொல்லுது. ஸ்பீக்கரால குடுக்க முடியாத 40, 50 ஹெர்ட்ஸுக்கு பவர் எல்லாம் வீணா போகும், கோன் எகிறும், சத்தம் பொரபொரக்கும். தலைகீழா பண்ணுங்க, லோவ கொஞ்சம் குறைச்சு, 250-ல இருந்து 800 வரைக்கும் உள்ள மிட்ட ஏத்துங்க, ஹைபாஸ் ஃபில்டர் (வச்ச அளவுக்கு கீழ இருக்குற சத்தத்த வெட்டுறது) இருந்தா 40 கிட்ட போடுங்க. தனியா கேட்டா மூக்கால பேசுற மாதிரி அசிங்கமா இருக்கும், இருக்கட்டும், பேண்ட் சேர்ந்த உடனே அந்த மிட்டுதான் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் நடுவுல உங்க நோட்ட வெளிய எடுத்துட்டு வரும். வீட்ல மெதுவா வாசிச்சு அழகா செட் பண்ணுன டோன் மேடையில சேறா கேக்குறதுக்கும் காரணம் இருக்கு, சத்தம் குறைவா இருக்கும்போது காதுக்கு கீழ் நோட்டு சரியா கேக்காது, அதனால வீட்ல நாம பேஸ கூட்டி வச்சுடுறோம்.

பெட்டிய எங்க வைக்கிறோம்ங்கிறது நாப் அளவுக்கு வேல செய்யும். தரையில, சுவர ஒட்டி வச்சா பேஸ் கூடும், மூலையில வச்சா இன்னும் கூடும், செலவில்லாம வர்ற இலவச பவர்னு வச்சுக்கோங்க. சத்தம் பத்தலன்னா மூலைக்கு தள்ளுங்க. உள்ள காலியா இருக்குற மர மேடையில குமுகுமுன்னு அதிர்ந்தா ஸ்டூல் மேல தூக்கி வைங்க, இல்ல ஃபோம் துண்டு போடுங்க. உங்களுக்கே கேக்கலன்னா வால்யூம ஏத்துறதுக்கு முன்னாடி பெட்டிய பின்னாடி சாச்சு ஸ்பீக்கர உங்க காத பாத்து திருப்புங்க, முழங்காலுக்கு காது இல்ல.

பேட்டரி ஆம்ப்னா மேடையில புது பேட்டரி போட்டுட்டு ஆரம்பிங்க, ஒரு செட் கைவசம் இருக்கட்டும். சத்தம் ஏத்த ஏத்த பேட்டரி சீக்கிரம் இறங்கும், பெட்டில போட்டிருக்குற மணி நேர கணக்கு மெதுவா வாசிச்சாதான் வரும். இறங்க ஆரம்பிச்சா முதல்ல கீழ் நோட்டுதான் கிழியும், லைட் எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். நாள் கணக்கா வாசிக்க போறதில்லன்னா பேட்டரிய வெளிய எடுத்து வைங்க, கசிஞ்சா காண்டாக்ட் அரிச்சுடும். அடாப்டர் வேற எதையாவது எடுத்து சொருகுறதுக்கு முன்னாடி வோல்ட்டேஜும் நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸாங்கிற படமும் ஆம்ப்ல போட்டிருக்குற மாதிரியே இருக்கான்னு பாத்துக்கோங்க.