ஷாத்தோ மார்கோ: பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்

பிரான்ஸின் போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் மெதோக் பகுதி இருக்கிறது. அங்கே மார்கோ என்றொரு சிற்றூர். அந்த ஊரின் சிவப்பு ஒயினை வாங்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, லேபிளில் ‘மார்கோ’ என்று கண்டதுமே அது ஷாத்தோ மார்கோ என்று முடிவு கட்டுவது. மார்கோ என்பது ஊர்ப்பெயர். அந்த ஊரிலும் அதை ஒட்டிய கிராமங்களிலும் உள்ள பல பண்ணைகள் சட்டப்படி அந்தப் பெயரைத் தங்கள் லேபிளில் போட்டுக்கொள்ளலாம். ஷாத்தோ பால்மேர் போன்ற அருமையான பண்ணைகளும் அவற்றில் உண்டு. ஷாத்தோ மார்கோ என்பதோ அந்த ஊரிலுள்ள ஒரே ஒரு பண்ணையின் பெயர்.

அந்தப் பண்ணைக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட சிவப்பு ஒயின்கள் இருக்கின்றன. அறுவடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இப்போதெல்லாம் ஷாத்தோ மார்கோ என்ற பெயரிலேயே வரும் முதல் ஒயினுக்குப் போகிறது. அடுத்த தேர்வு ‘பவியோன் ரூஜ்’. 2009 அறுவடையிலிருந்து மூன்றாவதாக ஒன்றும் வருகிறது. பவியோன் ரூஜை மிச்சம் மீதி என்று ஒதுக்குவது பெரிய தவறு. முதல் ஒயினுக்கான தேர்வு கடுமையாகக் கடுமையாக, அதில் இடம் கிடைக்காத நல்ல திராட்சையும் இதற்கு வந்து சேர்கிறது. முதல் ஒயினைவிடச் சீக்கிரம் பருகத் தயாராகும், விலையும் அதில் ஒரு பகுதிதான். இந்தப் பண்ணையை அறிந்துகொள்ள நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

‘1855 பட்டியலில் முதல் தரம், அதனால் எந்த ஆண்டானாலும் சிறப்பாகத்தான் இருக்கும்’ என்ற நம்பிக்கைதான் அதிகப் பணத்தைக் கரைக்கிறது. 1855 பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ தரகர்கள் தயாரித்த பட்டியல் அது. அன்றைய சந்தை விலைகள்தான் அதற்கு அடிப்படை. லஃபித், லத்தூர், ஓ-பிரியோன் ஆகியவற்றோடு மார்கோவும் முதல் தரம் பெற்றது. அதன்பின் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது ஒரே ஒரு பண்ணைதான்: 1973-இல் மூதோன். ஆனால் பட்டியல் ஏறக்குறைய மாறாமல் இருந்த அந்தக் காலத்தில் மண்ணைப் பார்த்துக்கொண்ட கைகள் பலமுறை மாறின.

மார்கோவின் கதையில் இது தெளிவாகத் தெரியும். 1950-இலிருந்து பண்ணை ஜினெஸ்தே குடும்பத்திடம் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் போர்தோ ஒயின் சந்தை சரிந்தது. பண்ணையில் செலவு செய்யப் பணமில்லை, ஒயினின் தரமும் இறங்கியது. விற்க முன்வந்தபோது ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்க வந்தது; பிரெஞ்சு அரசு அதைத் தடுத்தது. 1977-இல் பிரான்ஸில் தொழில் செய்துவந்த கிரேக்கரான ஆந்த்ரே மென்ட்செலோபுலோஸ் வாங்கினார். வடிகால்களைச் சீரமைத்தார், கொடிகளைப் புதிதாக நட்டார், புதிய ஓக் பீப்பாய்களை வாங்கினார், எமில் பெய்னோ என்ற ஒயின் வல்லுநரை ஆலோசகராக அழைத்தார். 1978 ஒயினிலேயே மாற்றம் தெரிந்தது. 1980-இல் அவர் காலமானதும் மகள் கொரின் பொறுப்பேற்றார். 1983-இல் சேர்ந்து பண்ணையின் ஒயின் தயாரிப்பைக் கவனித்த போல் போந்தாலியே, 2016-இல் மறையும்வரை அந்த ஒயினுக்காகவே வாழ்ந்தார். அவர் நினைவாக 2015 ஒயின் தனியாக வடிவமைத்த கறுப்பு பாட்டிலில் வந்தது. வழக்கமான லேபிள் இல்லையே என்று அதைப் போலி என நினைத்துவிட வேண்டாம்.

ஆக, 1970-களின் நடுப்பகுதி ஒயினுக்கு முதல் தரப் பெயரை நம்பி முதல் தர விலை கொடுப்பது வீண். அதேபோல் போர்தோ முழுமைக்கும் ‘இந்த அறுவடை ஆண்டு நல்லது’ என்று போட்ட பட்டியலை அப்படியே பின்பற்றுவதும் சரியல்ல. 1982-ஐ எல்லோரும் புகழ்கிறார்கள். மார்கோ ஊரைப் பொறுத்தவரை 1983 அதற்குச் சற்றும் சளைத்ததல்ல என்பவர்கள் பலர், நானும் அந்தப் பக்கம்தான்.

பருகும் விஷயத்துக்கு வருவோம். நல்ல ஆண்டின் ஷாத்தோ மார்கோவை ஐந்தாறு வயதில் திறப்பது அவசரம். கேபர்னே சோவின்யோன் என்ற திராட்சை வகைதான் இதில் பெரும்பங்கு. அதன் துவர்ப்பு அடங்கி வாசனை விரியப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது வேண்டும். இளம் ஒயினை டிகேன்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் காற்றாட விடலாம். முதிர்ந்ததை அப்படி விட்டால் உள்ள நறுமணமும் போய்விடும். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, அடியில் வண்டல் தங்கியபின் மெல்ல ஊற்றி உடனே பரிமாற வேண்டும். வண்டலைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். நனைந்த அட்டைப்பெட்டி போல வாடை வந்தால்தான் கார்க் கெடுத்திருக்கிறது என்று பொருள்.

‘அறை வெப்பநிலையில் பரிமாறு’ என்ற அறிவுரை குளிர்ந்த கல்வீடுகளுக்குச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி போதும். 30 டிகிரி அறையில் ஊற்றினால் மதுவின் காரம் மட்டுமே மூக்கில் ஏறும்.

பழைய பாட்டில் வாங்குவதில்தான் பெரிய இழப்புகள் நேர்கின்றன. 1787-ஆம் ஆண்டு மார்கோ என்று சொல்லப்பட்ட ஒரு பாட்டிலை நியூயார்க் வணிகர் வில்லியம் சோகோலின் 1989-இல் ஒரு விருந்துக்கு எடுத்துச் சென்றார். அது மேசையில் மோதி உடைந்தது. காப்பீடாக 2,25,000 டாலர் கிடைத்தது. அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெபர்சனுக்கு உரியவை என்று சொல்லப்பட்ட வரிசையைச் சேர்ந்தது அது; அந்த வரிசைப் பாட்டில்களின் உண்மைத்தன்மையே பின்னாளில் கடும் சந்தேகத்துக்கு உள்ளானது. அந்த அளவு விலை கொடுக்காதவர்களும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்: யாரிடமிருந்து வந்தது, எங்கே வைத்திருந்தார்கள், கழுத்துவரை ஒயின் நிற்கிறதா, தோள்பகுதிக்குக் கீழே இறங்கிவிட்டதா? பண்ணையிலிருந்து வந்தபின் வெயிலில் கிடந்ததா என்பதை லேபிள் சொல்லாது. சேமிப்பு விவரத்தைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.